கொல்லாத தோட்டா கற்றுத்தருவது

ஹாலோ என்னும் விண்வெளிப் போர்க் கதையுலகில் ஒரு பயிற்சித் தோட்டா உண்டு. அது உடம்பைத் துளைக்காது. பட்டதும் உடைந்து அதிலிருக்கும் மருந்து பரவும். பட்ட கை மரத்துத் தொங்கும், பட்ட கால் நகராது. மார்பில் வாங்கியவர் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். மருந்தின் வேகம் குறைந்ததும் எழுந்து மற்றவர்களோடு சாப்பிடப் போய்விடுவார். 2012இல் வந்த ‘ஹாலோ 4: ஃபார்வர்டு அன்ட்டு டான்’ தொடரில் கோர்புலோ ராணுவக் கல்விக்கூடத்தின் மாணவர்கள் இதைக் கொண்டுதான் ஒருவரையொருவர் சுட்டுப் பழகுகிறார்கள். வேற்றுக்கிரகப் படை வந்து இறங்கும்வரை அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பகைவர்கள் மனிதர்களே: பூமியின் ஆட்சியை ஏற்காத கிளர்ச்சிக்காரர்கள். டாமஸ் லாஸ்கி என்ற மாணவனுக்கு அந்தப் போரின் நியாயத்தில் சந்தேகம் இருக்கிறது. அதனாலேயே கூட இருப்பவர்களின் எரிச்சலுக்கு ஆளாகிறான்.

அறிவியல் புனைகதைகளில் இப்படிப்பட்ட ஆயுதங்கள் ஏராளம். உறைய வைக்கும் ஒளி, மயக்கும் கதிர், மரத்துப்போகச் செய்யும் குண்டு என்று பெயர்கள் மாறும், வேலை மாறாது. எழுதுபவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சிறுவர்களைப் போர்க்களத்தில் நிறுத்தலாம், சுடச் சொல்லலாம், விழச் செய்யலாம், பக்கத்தைத் திருப்பும் வாசகனின் மனம் நோகாமலும் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்பது வாசகனுக்குத் தெரியும். அந்தச் சிறுவர்களுக்கும் தெரியும். நான் கவலைப்படுவது இந்த இரண்டாவது செய்தியைப் பற்றித்தான். தான் சுட்டவன் எழுந்துவிடுவான் என்று நூறு முறை பார்த்த ஒருவனின் விரல் என்ன கற்றுக்கொள்கிறது?

பயிற்சித் தோட்டாவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ராணுவம் என்ற ஒன்று இருக்கும்வரை அதில் சேரும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் பழகும்போதே செத்துப்போகாமல் காப்பது கடமை. உண்மைத் தோட்டாவோடு நடக்கும் பயிற்சிகளில் பல நாட்டு ராணுவங்கள் ஆட்களை இழந்திருக்கின்றன. ஒரு தாய்க்குப் பிள்ளை உயிரோடு கிடைக்கிறான் என்றால் அந்தத் தோட்டாவை வடிவமைத்தவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பழகுபவனைக் காக்கிற அதே பொருள், நாளை அவன் எதிரே நிற்கப்போகிறவரை அவன் மனதிலிருந்து மெல்ல அப்புறப்படுத்துகிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இந்தக் கேள்வியை ராபர்ட் ஹைன்லைன் தம் வழியில் எதிர்கொண்டார். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1929இல் தேறியவர். காசநோயால் 1934இல் பணியிலிருந்து விலக நேர்ந்தவர். 1959இல் வந்த அவருடைய ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் பயிற்சிப் படையினர் மீது சுடப்படுபவை பெரும்பாலும் வெற்றுத் தோட்டாக்கள். ஆனால் ஐந்நூறில் ஒன்று உண்மையானது. அது எது என்று யாருக்கும் தெரியாது. அதே நாவலில் இன்னொரு காட்சி. ஜானி ரிகோ பயிற்சியின்போது ஓர் அணு ராக்கெட்டை ஏவுகிறான். அது பொய்யானது, வெடிக்காது. ஆனால் அது உண்மையாக இருந்திருந்தால் அழிவு பரவும் வட்டத்துக்குள் தன் படையாள் இருக்கிறானா என்று ஏவும் முன் அவன் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்காக அவனைக் கட்டிவைத்து ஐந்து கசையடி கொடுக்கிறார்கள். பொய்க்குண்டுக்கு உண்மையான கசையடி. அந்த நாவலின் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை, கசையடியோடும் இல்லை. ஆனால் விளைவு இல்லாத ஆயுதம் மனிதனை அலட்சியக்காரனாக்கும் என்பதை ஹைன்லைன் அறிந்திருந்தார். அந்த விளைவை வேறு வழியில் உடம்பில் ஏற்றப் பார்த்தார். அங்கேயும் கணக்கில் வருவது தன் படையாளின் உயிர் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டத்துக்குள் எதிரியின் குழந்தை இருந்திருந்தால் கசையடி கிடையாது.

ஜோ ஹால்டெமன் வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டுக் காயம்பட்டுத் திரும்பியவர். 1974இல் வந்த அவருடைய ‘தி ஃபார்எவர் வார்’ நாவலில் பாதுகாப்பான பயிற்சி என்ற பேச்சே இல்லை. சாரோன் என்ற உறைந்த உலகில் நடக்கும் பயிற்சியிலேயே ஆட்கள் சாகிறார்கள். அதன் பிறகும், முதல் சண்டையில் அவர்களைச் சுட வைக்க, மனதுக்குள் முன்கூட்டியே விதைத்துவைத்த கட்டளை ஒன்றைத் தூண்டிவிட வேண்டியிருக்கிறது. எதிர்க்கவும் தெரியாதவர்களைக் கொன்று குவித்த பிறகு நாயகன் மண்டெல்லாவின் மனம் கூசுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தப் போர், ஒரு தரப்பு மற்றதைப் புரிந்துகொள்ளாததால் வந்தது என்று கடைசியில் தெரிகிறது. போரை நேரில் கண்டவர் எழுதியதால்தான் அந்த நாவலில் விழுந்தவர்கள் எழுவதில்லை என்று நினைக்கிறேன்.

கதைகளில் கற்பனை செய்ததை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் ஓரளவு செய்துகாட்டியது. மைல்ஸ் என்று அழைக்கப்படும் லேசர் ஏற்பாடு அது. துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா வெடிக்கும்போது குழலோடு பொருத்திய கருவி ஒரு லேசர் கதிரை அனுப்பும். எதிரே இருப்பவரின் தலைக்கவசத்திலும் மார்புப் பட்டையிலும் உள்ள உணரிகள் அதை வாங்கிக்கொண்டு விடாமல் அலறும். அந்த அலறலை நிறுத்த ஒரே வழி, தன் துப்பாக்கியிலுள்ள சாவியை உருவி மார்புப் பட்டையில் செருகுவது. சாவியை உருவினால் துப்பாக்கி செயலிழந்துவிடும். ஆகவே செத்தவன் தானே தன் ஆயுதத்தை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். தனக்கு எங்கே, எவ்வளவு ஆழமான காயம் என்பதை அவனிடம் கொடுத்திருக்கும் அட்டையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மேற்பார்வையாளர் கையில் ஒரு தனித் துப்பாக்கி இருக்கும். அதைக் கொண்டு யாரையும் கொல்லலாம், செத்தவரை உயிர்ப்பிக்கவும் செய்யலாம். அதற்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் ‘கடவுள் துப்பாக்கி’.

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் என்ற இடத்தில் இதற்காகவே ஒரு தேசியப் பயிற்சி மையம் அமைந்தது. முதலில் அங்கே சோவியத் படையைப் போல வேடமிட்ட அமெரிக்கப் படையோடு மோதினார்கள். இராக் போர் வந்த பிறகு பாலைவனத்தில் இராக்கியக் கிராமங்களைக் கட்டினார்கள். அரபு பேசும் ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக் கிராமத்தாராக நடிக்கவைத்தார்கள். கடை, பள்ளிவாசல், சந்தை எல்லாம் இருந்தன. அந்த ஏற்பாட்டில் நல்ல நோக்கமும் இருந்தது: சிப்பாய் அந்த ஊர் மனிதரிடம் பேசிப் பழகட்டும், எல்லாரையும் பகைவராகப் பார்க்காமல் இருக்கட்டும் என்பது. ஆயினும் அங்கே சுடப்பட்ட கிராமத்தார் மாலையில் எழுந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

லேசருக்கு ஒரு குறை உண்டு. ஒரு புதரின் இலைகள் அதைத் தடுத்துவிடும், தோட்டாவைத் தடுக்காது. லேசரோடு பழகியவன் புதருக்குப் பின்னே ஒளிந்தால் போதும் என்று கற்றுக்கொள்வான். உண்மைக் களத்தில் அந்தப் பாடம் அவன் உயிரை வாங்கும். பயிற்சி தவறாகக் கற்றுத்தரும் பாடங்களை ராணுவத்தார் கவலையோடு ஆராய்கிறார்கள், திருத்துகிறார்கள். இலை ஒரு காப்பு என்ற பொய்யைத் திருத்த இத்தனை பேர் உழைக்கும்போது, சாவு சற்று நேர அயர்ச்சி என்ற பொய்யைத் திருத்த யாரை அமர்த்தியிருக்கிறார்கள்?

அதைத் திருத்தும் அக்கறை பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கப் போர் வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் ஒரு கணக்கைச் சொன்னார்: இரண்டாம் உலகப் போரில் சண்டையில் நின்ற நூறு பேரில் பதினைந்து முதல் இருபத்தைந்து பேர்தான் எதிரியை நோக்கிச் சுட்டார்கள். அவர் சொன்ன எண்ணுக்கு ஆதாரம் போதாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த எண் ஒரு காரியம் செய்தது. மனிதன் மனிதனைச் சுடத் தயங்குகிறான் என்ற எண்ணம், நீக்க வேண்டிய ஒரு குறையாக ராணுவச் சிந்தனையில் வேரூன்றியது. 1950களின் பிற்பாதியில் அமெரிக்க ராணுவத்தின் சுடும் பயிற்சி மாறியது. வட்டம் வட்டமாக வரைந்த பழைய இலக்குகளுக்குப் பதிலாக மனித வடிவப் பலகைகள் திடீரென எழுந்து நிற்கும், சுட்டதும் விழும். யோசிக்க நேரமில்லாமல் விரல் இயங்கப் பழகியது. பலகை விழுந்து மறுபடி எழுந்தது. தயக்கத்தை ஒரு நோயாகக் கண்டவர்களுக்கு, அது மனிதனிடம் மிஞ்சியிருக்கும் ஆரோக்கியமாகவும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

மகாபாரதத்தில் துரோணர் நடத்திய தேர்வை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மர உச்சியில் அவர் வைத்தது உயிருள்ள பறவையை அன்று; கைவினைஞரைக் கொண்டு செய்வித்த பொம்மைப் பறவை. என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். மரம் தெரிகிறது, பறவை தெரிகிறது, சகோதரர்கள் தெரிகிறார்கள், குருவே உங்களையும் காண்கிறேன் என்கிறான் தருமன். விலகிப் போ என்கிறார் குரு. மற்றவர்களும் அப்படியே சொல்லித் தள்ளப்படுகிறார்கள். பறவையின் தலை தவிர வேறொன்றும் தெரியவில்லை என்ற அருச்சுனனுக்கு மட்டும் அம்பு விட அனுமதி. பாடம் வெற்றி. பிறகு குருக்ஷேத்திரத்தில், இரு படைகளுக்கும் நடுவே தேரை நிறுத்தச் சொன்ன அருச்சுனனுக்கு எல்லாரும் தெரிகிறார்கள்: பாட்டனார், மாமன்மார், சகோதரர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அந்தக் கேள்வியைக் கேட்ட துரோணரும் எதிர்ப்படையில் நிற்கிறார். எவற்றைப் பார்க்காமல் இருக்கப் பழகினானோ அத்தனையும் ஒரே கணத்தில் கண்ணில் பட, வில் கையிலிருந்து நழுவுகிறது. பின்னர் அவன் போரிட்டான் என்பது வேறு. ஆனால் காண்டீவத்தை மறுபடி எடுத்தபோது எதிரே நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியும். அந்த அறிவை யாரும் அவனிடமிருந்து பறிக்கவில்லை.

பறித்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஆர்சன் ஸ்காட் கார்டு ‘எண்டர்ஸ் கேம்’ கதையில் எழுதினார். 1977 ஆகஸ்டில் ‘அனலாக்’ இதழில் சிறுகதையாக வந்து, 1985இல் நாவலாக விரிந்தது. கொல்லாத ஆயுதத்தை இதைவிட முழுமையாகக் கற்பனை செய்த இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

ஆறு வயதில் எண்டர் விக்கின் விண்வெளியில் சுற்றும் போர்ப்பள்ளிக்குக் கொண்டுபோகப்படுகிறான். எடையில்லாத பெரிய அறையொன்றில் பிள்ளைகளின் படைகள் மோதுகின்றன. அவர்கள் கையில் ஒளித் துப்பாக்கி. ஒளி பட்ட இடத்தில் உடை விறைத்து உறைந்துவிடும். முழங்காலில் பட்டால் முழங்கால், முழு உடம்பிலும் பட்டால் மிதக்கும் சிலை. ஆட்டம் முடிந்ததும் ஒரு கருவியைக் காட்டினால் எல்லோரும் இளகிவிடுவார்கள். எண்டரின் மேதைமை முதலில் வெளிப்படுவதே இங்கேதான். உறைந்துபோன தன் கால்களையே முன்னால் நீட்டிக் கேடயமாக்கிக்கொண்டு பாய்கிறான். காயம் இல்லாத உலகில் மட்டுமே பிறக்கக்கூடிய உத்தி அது. உண்மையில் சிதைந்த காலை எவனும் கேடயமாக்கிக்கொண்டு பாய முடியாது. அந்தக் காட்சியில் வாசகனுக்கு வரும் உற்சாகம் எனக்கும் வந்திருக்கிறது. வலியை நீக்கிவிட்டால் அறிவு எவ்வளவு வேகமாகப் பறக்கிறது என்று கார்டு காட்டுகிறார். எங்கே போய்ச் சேரும் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கிறார்.

அந்த அறைக்கு வெளியிலும் எண்டர் சண்டையிட நேர்ந்தது. பூமியில் ஸ்டில்சன், போர்ப்பள்ளியில் போன்சோ என்று இரண்டு பையன்கள் அவனைத் தாக்க வந்தார்கள். இனி யாரும் தன்னைத் தொடக் கூடாது என்ற அச்சத்தில் அவன் ஓங்கி அடித்தான். இருவருமே இறந்துபோனார்கள். அதை அவனுக்குச் சொல்லாமல் பெரியவர்கள் மறைத்துவிட்டார்கள். பயிற்சி அறையில் விழுந்தவர்கள் எழுந்தார்கள், வெளியே விழுந்தவர்களும் எழுந்து வீட்டுக்குப் போனதாக அவன் நம்பவைக்கப்பட்டான். அவன் கண்ணெதிரே சாவு என்ற ஒன்றே நிகழவிடாமல் ஒரு நிர்வாகம் காவல் காத்தது.

பிறகு ஈராஸ் சிறுகோளில் இருக்கும் தளபதிப் பள்ளி. திரையில் கப்பல்களை நடத்தும் பாவனைப் போர்கள், மேலும் மேலும் கடினமாகின்றன. மேசர் ராக்ஹாம் என்ற கிழட்டு வீரர் ஆசிரியர். எண்டரின் தோழி பெட்ரா ஒரு நாள் களைப்பில் ஆட்டத்தின் நடுவே உறங்கிப்போக, அவள் பொறுப்பிலிருந்த கப்பல்கள் அழிகின்றன. பிள்ளைகளுக்கு அது ஒரு தோல்வி, அவமானம், அவ்வளவுதான். இறுதித் தேர்வில் எதிரியின் கிரகத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கப்பல்கள். எண்டருக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. விதியை மீறி அந்தக் கிரகத்தையே அழித்துவிட்டால், இப்படிப்பட்ட கொடியவனைத் தளபதியாக்க முடியாது என்று தன்னை விட்டுவிடுவார்கள் என நினைக்கிறான். அழிக்கிறான். அறையிலிருந்த பெரியவர்கள் அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், மண்டியிட்டு வணங்குகிறார்கள். அப்போதுதான் சொல்கிறார்கள்: ஆட்டம் எதுவும் நடக்கவில்லை, நடந்தவை எல்லாம் உண்மைப் போர்கள். பெட்ரா இழந்த கப்பல்களில் மனிதர்கள் இருந்தார்கள். கிரகத்தில் ஓர் இனமே இருந்தது.

கொடுமை என்று தெரிந்தே, கொடுமை என்பதற்காகவே அதைச் செய்தான் அவன். அது வெறும் ஒளி என்று நம்பியதால் செய்தான். அவனை ஏமாற்றியதற்குப் பெரியவர்கள் கூறும் காரணம் இன்னும் கொடியது. எதிரியைப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பரிவுள்ள ஒருவன் வேண்டியிருந்தது. அவ்வளவு பரிவுள்ளவன் தெரிந்தே கொல்ல மாட்டான். ஆகவே தெரியாமல் கொல்லவைத்தோம். கிராஃப் என்ற அதிகாரியும் மேசரும் இதைக் கூச்சமின்றி விளக்குகிறார்கள். அவனுடைய கருணையை ஒரு கருவியாக எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கருணை ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஒரே இடத்தை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

இந்த நாவலும் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலும் அமெரிக்க மரைன் படையினருக்கான வாசிப்புப் பட்டியலில் இடம்பெற்றவை. தலைமைப் பண்பும் உத்தியும் கற்க ‘எண்டர்ஸ் கேம்’ நாவலில் நிறைய உண்டு என்பது உண்மைதான். அதைப் படிக்கும் இளம் அதிகாரி கடைசி அத்தியாயங்களையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நெவாடா பாலைவனத்தில் க்ரீச் விமானத் தளத்தில் உட்கார்ந்து பல ஆயிரம் மைல் தொலைவில் ட்ரோன்களை இயக்குபவர்களை எண்டரோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. திரை ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் அவர்களுக்குத் தெரியும். கீழே நடமாடும் மனிதரை மணிக்கணக்காகப் பார்த்திருந்துவிட்டுச் சுடுகிறார்கள், சுட்ட பின்னும் பார்க்கிறார்கள். அவர்களில் பலர் மனம் உடைந்து பேசியிருக்கிறார்கள். அந்த வேதனை நீங்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரையில் இருப்பது பாவனையா உண்மையா என்பதைச் சுடுபவரே அறியாத ஒரு நாளை யாரும் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதே என் அச்சம்.

பாவனைக்கும் உண்மைக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு சாவு சாட்சி. 1980களின் நடுவில் லேசர் துப்பாக்கி அமெரிக்கப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகி, எதிர்கால உலகின் ஆயுதம் போன்ற தோற்றத்தில் கடைகளுக்கு வந்தது. 1987இல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ கூக்கமோங்காவில் ஓர் இரவு நண்பர்களோடு அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞரைக் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் சுட்டுவிட்டார். இருட்டில் தெரிந்த ஒளியை உண்மையான துப்பாக்கிச் சூடு என்று நினைத்துவிட்டார். ஒருவர் கையில் பொம்மை, மற்றவர் கையில் உண்மைத் தோட்டா. அந்த இளைஞர் எழவில்லை.

எண்டரின் கதைக்கு வருகிறேன். போர் முடிந்த பிறகு கிராஃப் மீது விசாரணை நடக்கிறது. ஸ்டில்சன், போன்சோ என்ற இரண்டு சிறுவர்களின் சாவைப் பற்றிய விசாரணை அது. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டுப் பின்னர் உயர்ந்த பதவியும் பெறுகிறார். அழிந்துபோன இனத்துக்காக யாரும் கூண்டில் நிறுத்தப்படவில்லை. ஒரு சிறுவனின் கையில் உண்மை ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் பொம்மை என்று சொன்னதற்காகவும் யாரும் நிறுத்தப்படவில்லை. எண்டரோ எஞ்சிய வாழ்நாள் முழுதும் அந்தப் பழியைத் தானே சுமக்கிறான். கதைக்குள் இருக்கும் நீதிமன்றம் தவறாகத் தீர்ப்பளித்தது என்பது என் முடிவு. விசையை அழுத்தும் எவருக்கும், அவர் சிறுவரோ சிப்பாயோ, உள்ளே இருப்பது எந்தத் தோட்டா என்று அறியும் உரிமை உண்டு. அதை மறைத்துச் சுடவைத்தவர்தான் கொலைகாரர்.